ஊற்றின் கணக்கு

மழை பெய்யும்போது ஆறு பெருகுவதில் வியப்பேதும் இல்லை. மழை நின்று பல வாரங்கள் கடந்த பின்னும் ஆறு ஓடிக்கொண்டிருப்பதும், கோடையின் நடுவிலும் பாறையிடுக்கில் ஊற்று கசிந்துகொண்டிருப்பதும், இறைக்க இறைக்கக் கிணறு சுரப்பதுமே வியப்புக்குரியன. வானம் மூடிக்கொண்ட பிறகு அந்த நீர் எங்கிருந்து வருகிறது? அதுவரை அது எங்கே இருந்தது? எடுக்க எடுக்கக் குறையாத நீரா அது, அல்லது ஒருநாள் தீர்ந்துபோகக்கூடிய நீரா?

மனித குலம் எழுப்பிய மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. இதற்குச் சரியான விடை கிடைத்து ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. கோள்கள் கதிரவனைச் சுற்றிவரும் விதிகளைக் கெப்ளர் வகுத்து முடித்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், காலடியில் ஊறும் நீரின் பிறப்பை ஐரோப்பிய அறிஞர்கள் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அந்த விடை எவ்வாறு கிடைத்தது என்னும் வரலாற்றை நாம் இன்று அறிந்துகொள்வது வெறும் அறிவு விருந்தாக மட்டும் அமையாது. அறிஞர்கள் என்றோ கைவிட்டுவிட்ட ஒரு பழைய எண்ணத்தை நாம் நம்முடைய செயல்களில் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதையும் அது நமக்கு உணர்த்தும்.

பழையோர் கண்ட விடைகள்

எல்லா ஆறுகளும் கடலில் சென்று கலந்தும் கடல் நிரம்பி வழிவதில்லையே என்னும் வியப்பைத் திருவிவிலியத்தின் சபை உரையாளர் நூல் தன் முதல் அதிகாரத்திலேயே வெளியிடுகிறது. ஆறுகள் தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன என்ற கருத்தும் அங்கே உண்டு. எவ்வழியாகத் திரும்புகின்றன என்பதைப் பற்றி அந்நூல் ஒன்றும் கூறவில்லை. ஞானநூலாசிரியரின் நோக்கம் மனித வாழ்வின் சுழற்சியைக் காட்டுவதேயன்றி நீரியல் கற்பிப்பதன்று. ஆனால் பிற்காலத்தார் பலர் அந்த வசனத்தைச் சான்றாகக் கொண்டு, கடல்நீர் நிலத்துக்கு அடியிலுள்ள இரகசிய வழிகளில் மலைகளுக்குத் திரும்பி ஊற்றாக வெளிப்படுகிறது என்று முடிவு கட்டினர்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் வேறொரு விடை தந்தார். பூமியின் உள்ளே இருக்கும் குளிர்ச்சியால் அங்குள்ள காற்று நீராக மாறுகிறது. மழைநீரோடு அந்த நீரும் சேர்ந்து ஊற்றுகளைப் பெருக்குகிறது என்பது அவர் கருத்து. உரோமைப் பேரறிஞர் செனெக்காவோ, மழைக்கும் ஊற்றுக்கும் தொடர்பே இருக்க இயலாது என்று வாதிட்டார். திராட்சைத் தோட்டத்தில் மண்ணைக் கிளறிப் பழகிய தம் அனுபவத்தில், எத்துணைப் பெருமழையும் பத்தடி ஆழத்துக்குக் கீழே மண்ணை நனைத்ததில்லை என்று அவர் எழுதி வைத்தார். கட்டடக் கலை வல்லுநர் வித்ருவியுஸ் போன்ற சிலர், மலைமேல் பெய்யும் மழையும் பனியுமே மண்ணில் இறங்கி ஊற்றாகின்றன என்று கூறியிருந்தும் அக்குரல் எடுபடவில்லை.

தமிழ் மரபில் மேகம் கடல்நீரை முகந்து மழையாகப் பொழியும் செய்தி தொன்மையானது. அவ்வாறு முகந்த நீரை மேகம் திருப்பித் தராவிடில் கடலே தன் வளத்தில் குறைந்துபோகும் என்னும் நுட்பமான கருத்தைத் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் காண்கிறோம். நீரின் பயணத்தில் வானவழிப் பாதியை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது போதும். மண்வழிப் பாதியே உலகெங்கும் புதிராக நின்றது.

பதினேழாம் நூற்றாண்டில் அந்தப் புதிருக்கு மிக விரிவான விடையை எழுதியவர் உரோமை நகரில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ஹர். பூமியின் உள்ளுலகம் பற்றி 1665இல் அவர் வெளியிட்ட பெருநூலில், மலைகளின் வயிற்றில் மாபெரும் நீர்க்குகைகள் இருப்பதாகப் படம் வரைந்தே காட்டினார். நார்வே நாட்டுக் கடலிலுள்ள பெருஞ்சுழி போன்ற இடங்களில் கடல்நீர் பூமிக்குள் இறங்குகிறது, குகைகளை நிரப்புகிறது, அங்கிருந்து ஊற்றுகளாகப் பாய்கிறது என்றார். கடல் வற்றாதாகையால் ஊற்றும் வற்றாது என்பது இக்கொள்கையின் உட்பொருள்.

நீரின் இயல்பு எழுப்பிய தடைகள்

இக்கொள்கைக்கு நீரின் இயல்புகளே தடையாக நின்றன. முதலாவது தடை உப்பு. நீர் எதையும் தன்னுள் கரைத்துக்கொள்ளும் தன்மை மிகுந்தது. அவ்வாறு கரைந்த உப்பை மணலில் வடிகட்டிப் பிரித்துவிட முடியாது. நீர் ஆவியாக எழும்போதுதான் உப்பு பின்தங்கி நிற்கும். உப்பளங்களில் நாம் நாள்தோறும் காண்பது இதுவே. அவ்வாறிருக்க, பாறை வழியே வரும் கடல்நீர் மலை உச்சியில் நன்னீராவது எப்படி?

இரண்டாவது தடை உயரம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுமேயன்றிப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தானே ஏறாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்ணிய இடுக்குகளில் நீர் மேலேறுகிறது என்று சிலர் விடை கூறினர். அப்படி ஏறும் நீர் ஓரளவு உயரத்தோடு நின்றுவிடும்; மேற்புறத்தில் வழிந்து ஓடாது. அதை மேலே இழுத்துப் பிடிக்கும் அதே விசை, அது வெளியேறி ஓடவிடாமலும் தடுத்துவிடுகிறது.

மழையே போதும் என்று துணிந்து கூறியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பெர்னார் பாலிசி என்னும் பிரெஞ்சு மட்பாண்டக் கலைஞர். இலத்தீனும் கிரேக்கமும் கல்லாத இவர், மண்ணையும் களிமண்ணையும் கையால் பிசைந்து வாழ்ந்தவர். எந்த மண் நீரை உள்வாங்கும், எந்த மண் தடுத்து நிறுத்தும் என்பதை இவர் கைகள் அறிந்திருந்தன. மழைநீர் மண்ணில் இறங்கி, கீழே களிமண்ணோ பாறையோ தடுக்கும் இடத்தில் தங்கி, சரிவு கண்ட பக்கம் ஊற்றாக வெளிவருகிறது என்று 1580இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கற்றோர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பாலிசியிடம் உண்மை இருந்தது, கணக்கு இல்லை.

கணக்கின் முதல் கருவி மழைமானி. மழையை அளக்கும் வழக்கம் ஆசியாவில் மிகப் பழையது. களஞ்சியத்தின் முன் ஒரு முழ அகல வாயுடைய பாத்திரம் வைத்து மழையை அளக்குமாறு அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில் 1441ஆம் ஆண்டையொட்டி மழைமானிகள் உருவாயின. ஐரோப்பாவில் இதற்கு வழிகாட்டியவர் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியும் கலிலேயோவின் மாணவருமான பெனதெத்தோ கஸ்தெல்லி. ஓடும் நீரை அளப்பது பற்றி 1628இல் நூல் எழுதிய இவர், 1639இல் பெருஜியா நகரில் மழை பெய்தபோது கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வெளியில் வைத்து அளந்தார். அருகிலுள்ள திராசிமேனோ ஏரி அந்த மழையால் எவ்வளவு உயரும் என்று கணிப்பதே அவர் நோக்கம். பாத்திரத்தில் விழுந்த சில துளிகளைக் கொண்டு ஏரியின் வரவை அறியலாம் என்ற எண்ணம் எளிமையானது. ஆயினும் அதுவே பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது.

செய்ன் நதியின் பிறப்பிடம்

இனி நாம் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதிக்குச் செல்வோம். பாரிசு நகரைத் தழுவி ஓடும் செய்ன் நதி இப்பகுதியில், திஜோன் நகருக்கு வடமேற்கே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் சிறு ஊற்றாகப் பிறக்கிறது. கிறித்தவம் பரவுமுன் அங்கே வாழ்ந்த கால் இன மக்கள் அந்த ஊற்றைச் செக்குவானா என்னும் தேவதையின் உறைவிடமாகக் கருதினர். வாத்து வடிவப் படகில் நிற்கும் அவளுடைய வெண்கலச் சிலை 1933இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. 1963இல் நடந்த அகழ்வாய்வில் மரத்தில் செதுக்கிய கை, கால், தலை முதலிய காணிக்கை உருவங்கள் ஏராளமாக வெளிப்பட்டன. நோய் தீர வேண்டியும் தீர்ந்தமைக்கு நன்றியாகவும் நம் மக்கள் திருத்தலங்களில் செலுத்தும் உறுப்புக் காணிக்கைகளைக் கண்டவர்களுக்கு அவற்றின் பொருள் உடனே விளங்கும். பின்னர் ஆறாம் நூற்றாண்டில் அப்பகுதியில் துறவு மடம் நிறுவிய புனிதர் ஒருவரும் செய்ன் என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறார். ஊற்றின் முன் மனிதன் எக்காலத்தும் பணிந்தே நின்றிருக்கிறான். அதனை அளக்கத் துணிந்தது மட்டும் மிகப் பின்னரே.

துணிந்தவர் பியேர் பெரோ. சிண்டரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் தமையன் இவர். பாரிசில் அரசு வரிப்பணத்தைத் திரட்டும் உயர் பதவியில் இருந்து, 1664இல் அமைச்சர் கொல்பேரின் சினத்துக்கு ஆளாகிப் பதவியை இழந்தார். வரவு செலவு எழுதிப் பழகிய அந்தக் கை, அதே முறையை ஓர் ஆற்றின்மேல் பயன்படுத்திப் பார்த்தது. செய்ன் நதியின் பிறப்பிடம் முதல் ஏனே-லெ-டுக் என்னும் ஊர் வரையுள்ள நிலப்பரப்பை அவர் எடுத்துக்கொண்டார். அது மூன்று லீக் நீளமும் இரண்டு லீக் அகலமும் உடையது. லீக் என்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்குச் சமமான பழைய தூர அளவு. மூன்று ஆண்டுகளின் மழையை அளந்து, ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 19 அங்குலம் என்று கொண்டார். அந்நிலத்தில் ஓராண்டில் விழும் மழைநீர், முயி என்னும் அக்காலப் பீப்பாய் அளவில், ஏறத்தாழ 22 கோடியே 49 இலட்சம். அதே ஓராண்டில் நதி எடுத்துச் செல்லும் நீர் 3 கோடியே 64 இலட்சம் முயி. அதாவது, பெய்யும் மழையில் ஆறில் ஒரு பங்கே ஆற்றை ஓராண்டு முழுதும் ஓடச் செய்யப் போதுமானது.

மழை போதாது என்று ஈராயிரம் ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்த வாதம் இந்த ஒரு கணக்கில் சரிந்தது. ஊற்றுகளின் தோற்றம் குறித்த அந்நூலைப் பெரோ 1674இல் தம் பெயரைக் குறிப்பிடாமலே வெளியிட்டார். அந்த ஆண்டையே அறிவியல் நீரியலின் பிறந்த ஆண்டாகக் கொண்டு, 1974இல் பாரிசில் யுனெஸ்கோ முதலிய அமைப்புகள் அதன் முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடின. எனினும் பெரோ தாமே முழு உண்மையையும் காணவில்லை. மழைநீர் நிலத்தில் ஆழமாக இறங்கும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆற்றுநீரே பக்கவாட்டில் ஊறி ஊற்றுகளுக்குச் செல்கிறது என்று எண்ணினார்.

அக்குறையை நிறைவு செய்தவர் எட்மே மாரியோட். வாயுக்களின் அழுத்தம் பற்றிப் பாயில் கண்ட விதியைத் தாமும் கண்டறிந்து புகழ் பெற்ற இவர், திஜோன் அருகில் ஒரு துறவு மடத்தின் தலைவர் பதவியை வகித்த திருச்சபைப் பணியாளர். திஜோனில் நண்பர் ஒருவரைக் கொண்டு மழையை அளக்கச் செய்தார். பாரிசில் அரச பாலத்தருகே மெழுகு உருண்டையை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டத்தின் வேகத்தைக் கணித்தார். பாரிசு வரையிலான செய்ன் படுகையில் ஆண்டுதோறும் விழும் மழை 71,415 கோடி கன அடி; பாரிசைக் கடந்து ஓடும் நீர் 10,512 கோடி கன அடி. முழுப் படுகைக்கும் கணக்கு அதே முடிவைத் தந்தது: ஆற்றில் ஓடுவது மழையில் ஆறில் ஒன்றுக்கும் குறைவு. பாரிசு வானாய்வுக்கூடத்தின் ஆழ்ந்த நிலவறையில் சுவர்வழிக் கசிவு மழைக்குப் பின் மிகுவதையும் அவர் கவனித்து எழுதினார். செனெக்காவின் பத்தடி எல்லை அங்கே பொய்த்தது. அவர் மறைந்த பின் 1686இல் அந்நூல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே, 1687இல், இலண்டனில் எட்மண்ட் ஹேலி சுழற்சியின் மறுபாதியை அளந்து காட்டினார். வால்மீனால் பெயர் பெற்ற அதே ஹேலிதான். கோடை வெப்பத்துக்குச் சூடாக்கிய நீரைத் தட்டில் வைத்து, எவ்வளவு ஆவியாகிறது என்று நிறுத்துப் பார்த்தார். அக்கணக்கின்படி மத்திய தரைக்கடல் ஒரு கோடை நாளில் 528 கோடி டன் நீரை வானுக்கு அனுப்புகிறது. அதில் கலக்கும் ஒன்பது பெரிய ஆறுகள் கொண்டுவருவதோ 183 கோடி டன்னுக்கும் குறைவு. கடல் ஏன் நிரம்பி வழிவதில்லை என்னும் பழைய வினாவுக்கு இவ்வாறு எண்களால் விடை கிடைத்தது. கடல் திருப்பி அனுப்பும் வழி பாதாளத்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது.

திஜோன் நகரத்தார் குடித்த நீர்

இந்த அறிவு மக்களின் குடத்துக்கு வந்து சேர மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திஜோன் நகர மக்கள் ஆழமற்ற கிணறுகளையும் கழிவு கலந்த ஓடையையும் நம்பி வாழ்ந்தனர். அந்நகரில் 1803இல் பிறந்த பொறியாளர் ஹென்றி தார்சி, நகருக்கு வெளியே ஏறத்தாழ பன்னிரண்டரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த ரொசுவார் ஊற்றைத் தேர்ந்தார். பெரோ அளந்த அதே சுண்ணாம்புக்கல் நாட்டின் ஊற்று அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்பேறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வெடிப்புகளை அகலமாக்கி உள்ளே இறங்கி, பள்ளத்தாக்கில் ஊற்றாகிறது. மூடிய கால்வாய் வழியே, இயந்திரத்தின் துணையின்றி, நில மட்டச் சரிவால் மட்டுமே அந்நீரைத் தார்சி நகருக்குக் கொண்டுவந்தார். 1840 செப்டம்பர் 6 அன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 லிட்டர் தூய நீர் திஜோனை வந்தடைந்தது. தெருக்களில் பொதுக் குழாய்கள் அமைந்தன. ஏழைகள் விலையின்றி நீர் பிடித்தனர். பெருந்தொகையாகக் கிடைக்கவேண்டிய ஊதியத்தைத் தார்சி ஏற்க மறுத்தார். நகர மன்றம் அளித்த தங்கப் பதக்கத்தையும், தம் வீட்டுக்கு வாழ்நாள் முழுதும் இலவச நீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார். இன்றும் திஜோனின் மையச் சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தார்சியின் மிகப் பெரிய கொடை பின்னரே வந்தது. 1855, 1856ஆம் ஆண்டுகளில் திஜோன் மருத்துவமனை வளாகத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய் ஒன்றில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரை இறங்கச் செய்து அளந்தார். மணலின் மேலும் கீழும் நீர்மட்டத்தில் உள்ள வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் மிகும். மணலின் தடிமன் மிகுந்தால் ஓட்டம் குறையும். மண்ணின் தன்மைக்கேற்ப வேகமும் மாறும். தார்சி விதி எனப்படும் இதுவே இன்றைய நிலத்தடி நீர் அறிவியல் அனைத்துக்கும் அடிப்படை. 

மழை நின்ற பின்னும் ஊற்று ஓடுவதேன் என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்குரிய விடை இந்த மணற்குழாயில் இருக்கிறது. மணல் நீரை அழிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஆற்றில் ஒரு நாளில் கடலைச் சேரும் தொலைவை மண்ணுக்குள் கடக்க நீருக்குப் பல ஆண்டுகளும் ஆகலாம். ஐப்பசியில் விழுந்த மழை சித்திரையில் கிணற்றில் நிற்பது இந்தத் தாமதத்தால்தான். கோடையில் நாம் பருகுவது புதிதாகப் பிறந்த நீரன்று. சென்ற பருவத்தின் மழை, அல்லது நாம் பிறக்குமுன் பெய்த மழை.

அதே 1856இல் பங்குத்தந்தை ஒருவரும் நூல் ஒன்று வெளியிட்டார். தென்மேற்குப் பிரான்சின் லோட் பகுதியைச் சேர்ந்த அருட்தந்தை பாராமெல் அவர். அங்கே மேட்டுநிலத்தில் மழை விழுந்தவுடன் பாறை வெடிப்புகளில் மறைந்துவிடும். மேலே மக்கள் தாகத்தால் வாட, மலையடிவாரத்தில் பேரூற்றுகள் பாயும். இந்த முரண்பாட்டைக் கண்டு வருந்திய அவர், மேலே மறையும் நீர் உள்ளே எவ்வழியில் செல்லக்கூடும் என்று நிலத்தின் மடிப்புகளையும் வறண்ட ஓடைப் பள்ளங்களையும் நடந்து நடந்து ஆராய்ந்தார். நீர் கண்டுபிடிப்பதாகக் கவைக்கோலை ஏந்தித் திரிந்தவர்களின் முறையை அவர் ஏற்கவில்லை. மேற்பரப்பில் நீர் ஓடும் சரிவையே பெரும்பாலும் நிலத்தடி நீரும் பின்பற்றுகிறது என்ற எளிய நியதியைக் கொண்டு, கால் நூற்றாண்டு காலம் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான இடங்களில் கிணறு தோண்டக் குறித்துத் தந்தார்.

பழைய பிழையின் புதிய வடிவம்

இவ்வளவும் அறிந்த பின் நாம் நம்மையே சற்று நோக்கவேண்டும். பாதாளத்தில் ஒரு கடல் இருக்கிறது, அது வற்றாது என்ற கிர்ஹரின் கொள்கையை இன்று எந்தப் பள்ளி மாணவனும் ஏற்கமாட்டான். ஆனால் நூறு அடியில் நீர் இல்லையென்றால் முந்நூறு அடி, முந்நூறில் இல்லையென்றால் ஆயிரம் அடி என்று நாம் துளையிட்டுக்கொண்டே செல்லும்போது, எந்தக் கொள்கையின்படி நடக்கிறோம்? கீழே எங்கோ குறையாத கருவூலம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையின்படிதானே! உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. ஆழத்தில் சில இடங்களில் மிகப் பழைய நீர் தேங்கியிருப்பது உண்மையே. வட ஆப்பிரிக்காவின் நூபிய மணற்கல் படுகையில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மழை வளம் இருந்த காலத்து நீர். அதுவும் மழைநீரே, எடுத்தால் மீண்டும் நிரம்பாத பழஞ்சேமிப்பு என்பதே வேறுபாடு. நம் நாட்டின் கடும்பாறைப் பகுதிகளிலோ ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைகின்றன, நீரும் குறைகிறது.

கடலோர மக்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே கரையோர மண்ணில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. டச்சுப் படைப் பொறியாளர் பாடன் கைபன் 1888-89இலும், ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் இதன் கணக்கை வகுத்தனர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960களின் இறுதியிலிருந்தே இவ்வாறு உப்பு ஏறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கடல் நிலத்துக்கு அடியில் நம் கிணற்றுக்கு வரும் என்று கிர்ஹர் எழுதினார். ஒரு வகையில் அது நிறைவேறுகிறது. நன்னீராக வரவில்லை, உப்பாகவே வருகிறது.

நம் முன்னோர் தார்சி விதியை அறியார். ஆயினும் ஏரி நிரம்பினால் அதன் கீழுள்ள கிணறுகள் ஊறும் என்பதை அறிந்திருந்தனர். ஏரி அவர்களுக்குப் பாசனத்துக்கான தேக்கம் மட்டுமன்று. நிலத்தடிக்கு அனுப்பும் வாயிலும் ஆகும். சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழையை ஓட விடாமல் நிறுத்தி, மண்ணுக்கு இறங்க நேரம் தருவதே அதன் வேலை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டதும் இதே நெறிப்படிதான். அதன்பின் சென்னையின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. நாளடைவில் பல இடங்களில் அந்தக் குழிகள் தூர்ந்துபோயின. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய முழுவதும் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்காகக் காத்து நின்றதை நாம் கண்டோம்.

பெரோ ஓர் ஆற்றுக்குப் போட்ட கணக்கை நாம் நம் பங்குக் கோவிலின் கூரைக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவிகள் ஏதும் வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். கோவில் கூரை 500 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம்; தமிழ்நாட்டின் சராசரி இதற்குச் சற்று மேலேயே இருக்கிறது. அந்தக் கூரைமேல் மட்டும் ஆண்டுதோறும் விழுவது 4,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிவிட்டது என்று கழித்தாலும் 3,60,000 லிட்டர் மிஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டால், நான்கு குடும்பங்களின் ஓராண்டுத் தேவை அதில் அடங்கும். பள்ளிக் கட்டடம், பங்குப் பணியாளர் இல்லம், சமூகக் கூடம், அவரவர் வீடு என்று கூட்டிக்கொண்டே போகலாம். இன்று அந்த நீரில் பெரும்பகுதி சிமெண்டுத் தளத்தின்மேல் ஓடிச் சாக்கடையில் கலக்கிறது. அதே வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு ஆண்டுக்காண்டு ஆழமாகிறது.

ஊற்றுக்கு வரவும் செலவும் உண்டு என்பதை மனிதன் அறிய ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. பாலிசியின் கைகளும், கஸ்தெல்லியின் கண்ணாடிப் பாத்திரமும், மாரியோட்டின் மெழுகு உருண்டையும், தார்சியின் மணற்குழாயும் சேர்ந்து நமக்கு அளித்த அறிவு அது. செலவை மட்டும் எழுதி வரவை எழுதாத வீட்டின் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அடுத்த ஐப்பசி மழை தொடங்குமுன் நம் வளாகத்தில் உள்ள பழைய கிணற்றைத் தூர்வாரி, கூரைநீரை வடிகட்டி அதற்குத் திருப்பிவிட்டால், அந்தக் கணக்கில் நம் பெயரிலும் ஒரு வரவு எழுதப்படும்.